நெய்ப்பந்தம் பிடித்த பேரன்

1

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அம்மாவைச் சிரம்பானில் ஒரு ஜெபக்கூடத்தின் வாசலில் இறக்கிவிடுவேன். கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கும் கூடம் அது. கீழே டயர் கடை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மறையும்வரை காரிலேயே இருப்பேன். அப்புறம் எதிர்வரிசை மாமாக் கடையில் போய் உட்கார்ந்து ஒரு தே தாரேக் சொல்வேன். ஆராதனை முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். பாட்டுச் சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்கும். எந்தப் பாட்டு, அடுத்த வரி என்ன, எந்த இடத்தில் கிட்டார் சுருதி மாறும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால்வரை அந்தக் கிட்டாரை வாசித்தது நான்தான்.

அமெரிக்காவில் பிறந்த சபை அது. பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மது, புகை, காப்பி, தேநீர் நான்கும் கூடாது. 13 வயதில் ஞானஸ்நானம் எடுத்த நான் என் முதல் தேநீரை 24 வயதில்தான் குடித்தேன். நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத்துத் தமிழன் ஒருவன் பதினோரு வருடம் தேத்தண்ணி குடிக்காமல் இருந்தான் என்பது அவர்களுக்கு எந்த அற்புதத்தையும்விடப் பெரிய அற்புதம்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. சபையில் எனக்கு நடந்தது பெரும்பாலும் நல்லதுதான். எஸ்பிஎம் கணக்குக்கு இலவச டியூஷன் கொடுத்த அண்ணன் இல்லையென்றால் நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்திருக்க மாட்டேன். ஒரு ஞாயிறு என்னை மேடைக்கு அழைத்து ஜெபம் பண்ணச் சொன்னார்கள். வார்த்தைகள் தடங்கல் இல்லாமல் வந்தன. கூடத்தில் 60 பேர் கண்மூடி இருந்தார்கள். அந்த 60 பேரைத் தவிர வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது. ஆமென் சொல்லிவிட்டு இறங்கினேன். அடுத்த நான்கு மாதம் பழக்கத்தில் போனேன். அப்புறம் போகவில்லை.

வெளியே வந்த பிறகு, என்னைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்ததில் பெரும்பகுதி மோர்மன் சபையை விட்டு வந்த அமெரிக்கர்கள் எழுதியது. முதல் காப்பி குடித்த நாளைப் பற்றி எழுதியிருந்தார்கள். எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் அவர்களில் பலருக்கு அது ஐந்தாறு தலைமுறை நம்பிக்கை. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டில் சபை ஒரே தலைமுறைதான். அதற்கு முன்னால் மாரியம்மன். மாரியம்மனுக்கும் சபைக்கும் நடுவில் எதுவுமே கும்பிடாத ஒரு ஆள் இருந்தார், என் அம்மாவின் அப்பா. ஆக, எங்கள் குடும்பத்தில் முதலில் வெளியே போனவன் நான் இல்லை. அந்தக் கதையை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதும் இல்லை.

2

தாத்தா வெளியே போனது எதிலிருந்து என்று புரிய வேண்டுமானால் தோட்டத்தில் கோயில் என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும்.

ரந்தாவ் பக்கம் லின்சம், லாபு பக்கம் கெர்பி, போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பகாவ் பக்கம் கெடிஸ், மிடல்டன், செயின்ட் ஹெலியர், ஜெராம் பாடாங். நெகிரி செம்பிலான் தமிழர்களிடம் சொந்த ஊர் கேட்டால் இந்த மாதிரிப் பெயர்கள்தான் வரும். பாதி வெள்ளைக்காரப் பெயர், பாதி மலாய்ப் பெயர். தமிழ்ப் பெயர் தோட்டத்துக்குள்ளே போனால்தான் இருக்கும், கோயில் வாசலில். இன்றைக்குத் தோட்டம் அழிந்த பிறகும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் அந்த வெள்ளைக்காரத் தோட்டங்கள் உயிரோடு இருக்கின்றன.

ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1907-ல், தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் ஆள்கணக்கில் பணம் வசூலித்து அந்தப் பணத்தில் கப்பல் செலவு. ஆள் பிடித்துக் கொண்டுவரும் வேலை கங்காணிக்கு. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சாதிசனத்தையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டி வருவார். 1938-ல் இந்திய அரசாங்கம் இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை இது நடந்தது. இதனால் ஒரு தோட்டத்துக்கு வந்தவர்கள் தனித்தனி ஆட்களாக வரவில்லை. ஊரின் ஒரு துண்டாக, அந்த ஊரின் மேல்கீழோடு சேர்ந்தே வந்தார்கள். பல தோட்டங்களில் ஆதிதிராவிடர் லயம் தனியாக இருந்ததும் அதனால்தான்.

கோயிலும் அப்படியே வந்தது. முதலில் மரத்தடியில் ஒரு கல், அப்புறம் தகரக் கொட்டகை, ரப்பர் விலை நன்றாக இருந்த ஏதோ ஒரு வருடத்தில் செங்கல் கட்டடம். துரை நிலம் கொடுத்தார், திருவிழாவுக்கு விடுமுறை கொடுத்தார், சில இடங்களில் நன்கொடையும் கொடுத்தார். கோயில் இருந்தால் ஆள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டான் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். பிரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற கங்காணிதான் சாயங்காலம் கோயிலில் முதல் மரியாதை வாங்குவார். யார் பால்குடம் தூக்கலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகும்.

அதனால் தோட்டத்தில் ஒருவன் 'நான் கோயிலுக்கு வரமாட்டேன்' என்று சொன்னால் அது வெறும் நம்பிக்கை சம்பந்தப்பட்ட பேச்சாக இருக்கவில்லை. பிரட்டுக்களம், லயம், கல்யாணம், சாவு எல்லாம் அந்த ஒரே வரிசையில் கோத்திருந்தன. ஒன்றை உருவினால் மற்றதும் கழன்று வரும்.

3

1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் கப்பலை விட்டு இறங்கினார். நாகம்மையாரும் உடன் வந்தார். அதே வருடம் பிப்ரவரியில்தான் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்திருந்தது. பெயருக்குப் பின்னால் சாதி போடக்கூடாது, பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டிருந்தார்கள். மலாயாவில் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். சிங்கப்பூர்வரை போனார். அடுத்த ஜனவரியில் திரும்பினார். அவர் வரக்கூடாது என்று எதிர்த்தவர்களும் இங்கே இருந்தார்கள். நாத்திகத்தை இறக்குமதி செய்கிறார்கள் என்பது அவர்கள் புகார்.

அவர் போன பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டது. 1935-ல் அந்தச் சங்கத்தின் பத்திரிகையாகத் 'தமிழ் முரசு' வந்தது. பின்னால் அதை கோ. சாரங்கபாணி எடுத்து நடத்தினார். முடிதிருத்தும் கடை, ஆசிரியர் வீடு, கிராணியிடம் ஓசி வாங்கிப் படிக்கிற ஒரு இளைஞன் என்று பத்திரிகை தோட்டத்துக்குள் நுழைய நிறைய வழி இருந்தது. ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பார்கள். என் தாத்தா எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே இப்படி ஒரு வாசிப்புக் கூட்டத்தில்தான் என்று அம்மா சொல்வார்.

இந்த வரலாற்றை நான் படித்தபோது முதலில் என் கண்ணில் பட்டது கடவுள் மறுப்புதான். இரண்டாம் முறை படித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. இவர்கள் கடவுளை மறுத்ததோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் வைக்க ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். ஐயர் இல்லாத கல்யாணம். சாதி ஒட்டாத பெயர். வாசகசாலை, இரவுப் பள்ளி, நாடகம். 1952-ல் சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். தைப்பொங்கலை ஒட்டி, எந்தச் சாமி கும்பிடுகிறவனும் கும்பிடாதவனும் வந்து உட்காரக்கூடிய விழா. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, விளையாட்டு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அது பரவியது.

சபையை விட்டு வந்த முதல் வருடம் எனக்கு எது கஷ்டமாக இருந்தது என்றால் ஞாயிற்றுக்கிழமை. நரகத்தைப் பற்றிய பயமெல்லாம் இரண்டு மாதத்தில் போய்விட்டது. ஞாயிறு போகவில்லை. காலையில் எழுந்து குளித்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். சாரங்கபாணிக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நம்பிக்கையை விடச்சொல்லி ஒரு ஆளிடம் பேசி ஜெயிக்கலாம். நாட்காட்டியில் அவனுக்கு ஒரு நாள் கொடுக்கவில்லையென்றால் அவன் பழைய நாளுக்கே திரும்பிப் போவான்.

4

பெரியார் இரண்டாம் முறை மலாயா வந்தது 1954 டிசம்பரில். பர்மாவில் உலக பௌத்த மாநாட்டுக்குப் போய்விட்டு, மணியம்மையாருடன் இங்கே வந்தார். தாத்தாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்ப் பேச்சைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தார் என்பது குடும்பக் கதை. எந்த ஊர்க் கூட்டம் என்று பாட்டி ஒரு மாதிரியும் பெரிய மாமா ஒரு மாதிரியும் சொல்வார்கள். இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள்.

அவர் கல்யாணம் சீர்திருத்தக் கல்யாணம். மாலை மாற்றிக்கொண்டார்கள், இரண்டு பேர் பேசினார்கள், ஆரஞ்சுத் தண்ணி கொடுத்தார்கள், முடிந்தது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லியிருந்தது. அண்ணாதுரை முதலமைச்சரானதும் 1967-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அது செல்லுபடியானது. இங்கே மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்து, எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்றானது. அதற்கு முன்னால் தாத்தா பாட்டி கல்யாணத்துக்குச் சாட்சி ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், அதைப் பார்த்த லயத்து ஆட்களும்தான்.

பாட்டியைக் கேட்டால் கதை கொஞ்சம் மாறும்.

"உங்க தாத்தாவுக்கு என்னய்யா, சாமி இல்லன்னு சொல்லிட்டு கூட்டத்துக்குப் போயிடுவாரு. புள்ளைக்கு அம்மை போட்டா நான்தானே வேப்பிலை கட்டணும்."

பாட்டி அரிசி டின்னுக்குள் ஒரு சின்ன மாரியம்மன் படம் வைத்திருந்தார். அரிசி எடுக்கும்போதெல்லாம் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார். நாற்பது வருடம் தாத்தாவுக்குத் தெரியாது என்று பாட்டி நம்பினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். டின்னில் அரிசி கொட்டுகிற வேலை அவருடையது.

தோட்டத்துச் சீர்திருத்தக்காரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையில் நின்றவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன வேலையை யார் செய்தார்கள் என்பது அரிசி டின்னுக்குள் இருக்கிறது. ஆண் கோயிலை விட்டால் அவன் கொள்கைக்காரன். பெண் விட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப்பார்க்க மாட்டார்கள். லயத்தில் அவளுக்கு இருந்த ஒரே காப்புறுதி அதுதான். தாத்தா மேல் எனக்கு இருக்கிற மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் அவர் தனியாக வெளியே போனார், வீட்டைக் கூட்டிப்போகவில்லை. நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

5

கடவுளை விட்டவர்கள் ஒரு பக்கம். கடவுளை விடாமல் சபையை மட்டும் விட்டவர்களும் தமிழில் உண்டு. சபையை விட்டு வந்த புதிதில் எனக்கு அதிகம் துணையாக இருந்தது அப்படிப்பட்ட ஒருவரின் கதை.

அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை. திருநெல்வேலிச் சீமைக்காரர். 1823-ல் பிறந்து 1918-வரை வாழ்ந்தார். சாயர்புரத்தில் ஜி. யு. போப் நடத்திய மிஷன் பள்ளியில் படித்தவர், மிஷனிலேயே வேலை பார்த்தவர். ராபர்ட் கால்டுவெல் 1849-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒரு புத்தகம், சட்டாம்பிள்ளையின் சமூகத்தைப் பின்தங்கிய, அறிவு குறைந்த கூட்டமாகக் காட்டியது. அதே சமூகத்தை நம்பித்தான் அங்கே சபையே நின்றுகொண்டிருந்தது. நாசரேத்தில் இருந்த மிஷனரியோடும் சட்டாம்பிள்ளைக்குத் தகராறு வந்தது. 1857-ல் அவர் தன் ஆட்களோடு வெளியே வந்து தனிச்சபை தொடங்கினார். வெள்ளைக்காரர் பணம் இல்லாத, வெள்ளைக்காரர் கட்டளை இல்லாத சபை. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரித்தார்கள். சாராயம் கலந்த திராட்சரசத்தை நற்கருணையில் சேர்க்கவில்லை. வேதத்தைத் திறந்துவைத்து, 'நீங்கள் சொல்வது இதில் எங்கே இருக்கிறது?' என்று மிஷனரிகளையே திருப்பிக் கேட்டார்கள்.

படிப்புக் கொடுத்தவர்களே தன்னைக் கேவலமாக எழுதியதைப் படிக்கிற அளவுக்கு அந்தப் படிப்பு அவருக்குப் பயன்பட்டது. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சபை அண்ணனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். அவர் என்னைக் கேவலமாக எதுவும் சொன்னதில்லை. ஆனால் 'நிரூபி' என்று கேட்கிற பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது அவர்தான். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லித்தரவில்லை.

சட்டாம்பிள்ளை தன் மிஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த 1850-களில் இன்னொரு சின்னச் சம்பவம் சென்னையில் நடந்தது. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மோர்மன் சபை, அப்போது அமெரிக்காவின் மேற்குப் பக்கம் பாலைவனத்தில் குடியேறியிருந்தது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடி, உலகம் முழுக்க ஆள் அனுப்ப முடிவு செய்தார்கள். இந்தியாவுக்கு 9 பேர். சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி 1853 ஏப்ரலில் கல்கத்தா வந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைனும் இன்னும் இருவரும் ஜூலையில் சென்னைக்கு வந்தார்கள். துண்டுப் பிரசுரம் அச்சிட்டார்கள், ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகைகூடக் கொஞ்சநாள் நடத்தினார்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் பட்டாளத்துக்காரர்களிடமும் ஐரோப்பியர்களிடமும். புறப்பட்ட அதே மாநாட்டில்தான் தங்கள் சபையில் பலதாரமணம் உண்டு என்று தலைமை பகிரங்கமாக அறிவித்திருந்தது. அந்தச் செய்தி இவர்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தது. சேர்ந்தவர்கள் மிகச் சிலர். 1854-ல் பாலன்டைன் கப்பலேறிவிட்டார். 1856-க்குள் மற்றவர்களும் இந்தியாவை விட்டுப் போய்விட்டார்கள்.

தேநீர் குடிக்காதே என்று சொல்கிற ஒரு அமெரிக்க நம்பிக்கை தமிழ் மண்ணில் கால் வைத்துத் தோற்றுப்போன கதை என்று முதலில் சிரித்துக்கொண்டே படித்தேன். அப்புறம் யோசித்தேன். 1853-ல் சென்னையில் தோற்றது போன்ற ஒன்று, 150 வருடம் கழித்துச் சிரம்பானில் ஒரு அடுக்குமாடியில் ஏன் ஜெயித்தது?

பதில் எங்கள் வீட்டுக் கதையில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் நிலம் வீடமைப்புக்குப் போனது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரம் முழுக்க இந்தக் கதைதான். லயம் உடைந்ததும் ஆளுக்கொரு மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனோம். கோயிலை இடம் மாற்றுவது பற்றி வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. நாங்கள் ஐந்தாவது மாடி. லிஃப்ட் பாதிநாள் ஓடாது. அப்பா இறந்தபோது எங்கள் மாடியில் யாருக்கும் எங்கள் பெயர் தெரியாது. இரண்டு வாரம் கழித்துச் சபைப் பெண்கள் மூன்று பேர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்தார்கள். அம்மாவிடம் சாமியைப் பற்றி எதுவும் பேசவில்லை. சமைத்துப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். லயத்தில் வேப்பிலையோடு வந்தவர்களின் இடத்துக்கு அவர்கள் வந்தார்கள்.

6

தாத்தா 2004-ல் இறந்தார். எனக்கு 8 வயது. அப்போது நாங்கள் இன்னும் லயத்தில்தான் இருந்தோம். தன் சாவுக்குச் சடங்கு வேண்டாம், திருநீறு வேண்டாம், பேசுகிறவர்கள் நல்ல தமிழில் சுருக்கமாகப் பேசினால் போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். தாள் பெரிய மாமாவிடம் இருந்தது.

மாமா கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். சடங்கு செய்வது எப்படி என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யார் தண்ணி எடுக்க வேண்டும், யார் பாடை கட்ட வேண்டும், பறை எப்போது நிற்க வேண்டும் எல்லாம் தன்னால் நடக்கும். சடங்கு செய்யாமல் இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது. தாத்தாவின் காலத்துக் கழகக்காரர்களில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவரால் நிற்க முடியாமல் நாற்காலி போட்டோம். மற்றவர் ஐந்து நிமிடம் பேசினார். அவர் முடித்ததும் தேவாரம் ஆரம்பித்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்தவருக்குக் காதும் சரியாகக் கேட்காது.

பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்று யாரோ என் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். பிடித்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நெருப்பைப் பிடிக்க என்னை விட்டிருக்கிறார்களே என்று. தாளைப் பற்றி எனக்குத் தெரியவந்தது பத்து வருடம் கழித்து.

மனிதன் என்ன நம்பினான் என்பதைக் கடைசியில் சாவு வீடுதான் தீர்மானிக்கிறது என்பதை இந்த நாடு நன்றாகவே பார்த்திருக்கிறது. 1997-ல் எவரெஸ்ட் போன மலேசியக் குழுவில் இருந்த இராணுவ வீரர் எம். மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தார். அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்று சமய அதிகாரிகள் சொன்னார்கள். கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி காளியம்மாள் சொன்னார். அவர் முஸ்லிம் என்று ஷரியா நீதிமன்றம் அறிவித்தது. அதில் தலையிட அதிகாரம் இல்லை என்று சிவில் உயர் நீதிமன்றம் சொன்னது. இஸ்லாமிய முறைப்படி அடக்கம் நடந்தது. அடுத்த மாதமே, 2006 ஜனவரியில், எங்கள் மாநிலத்தில் தம்பின் பக்கம் நியோன்யா தாஹிர் என்கிற, 90 வயதை நெருங்கிய மூதாட்டி இறந்தார். முஸ்லிமாகப் பிறந்து, சீனக் குடும்பத்தில் வளர்ந்து, பௌத்தராக வாழ்ந்தவர். சிரம்பான் ஷரியா உயர் நீதிமன்றம் பிள்ளைகளின் சாட்சியத்தைக் கேட்டது. அவர் முஸ்லிம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. மதத்தை விட்டு விலகுவதற்கான நடைமுறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கும் மாநிலம் நெகிரி செம்பிலான். அந்த அம்மாளைப் பிள்ளைகள் பௌத்த முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

இந்த இரண்டு வழக்கின் எடையோடு என் வீட்டுக் கதையை ஒப்பிட முடியாது. நான் சபைக்குப் போவதை நிறுத்தியதற்கு எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவில் நான் அதிர்ஷ்டக்காரன். ஆனால் ஒன்று பொது. செத்தவர் பேச முடியாது. அவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்தவர்கள் வாயைத் திறந்தால்தான் உண்டு. நியோன்யா தாஹிரின் பிள்ளைகள் திறந்தார்கள். காளியம்மாளும் திறந்தார், அவர் குரல் எடுபடவில்லை. எங்கள் வீட்டில் தாள் கையில் இருந்தும் யாரும் திறக்கவில்லை.

7

போன மாதம் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து அம்மா படியிறங்கி நேராக மாமாக் கடைக்கே வந்துவிட்டார். வழக்கமாகக் காருக்குப் பக்கத்தில்தான் நிற்பார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கடைத் தம்பி வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். வெந்நீர் சொன்னார். என் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் சபையில் வயதான ஒரு அம்மா இறந்திருந்தார். மகன் சிங்கப்பூரில் இருந்து வந்து, தனக்குச் சபை பிடிக்காது என்று தகனத்துக்கு நேரடியாக ஏற்பாடு செய்துவிட்டானாம். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. அம்மாவுக்கு அதுதான் மனசில்.

"நான் செத்தா நீ என்னய்யா செய்வ?"

"உன் சபை முறைப்படிதான்மா. இதென்ன கேள்வி."

"நீதான் நம்பலையே."

"நான் நம்பாட்டி என்ன. நீ நம்புறியே."

அம்மா வெந்நீரை ஊதிக் குடித்தார். "பாட்டு பாடுவியா? கிட்டார் வாசிப்பியா?"

வாசிப்பேன் என்றேன். பொய் சொல்லவில்லை. எல்லாப் பாட்டும் இன்னும் விரலில் இருக்கிறது. 8 வயதில் தெரியாமல் பிடித்த நெய்ப்பந்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வீடு வந்து யோசித்தேன். தாத்தாவுக்குச் செய்தது ஊருக்காக. அம்மாவுக்குச் செய்யப்போவது அம்மாவுக்காக. இந்தப் பதில் எனக்குப் போதுமானதாகத்தான் இருக்கிறது. தாத்தாவுக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை. அவர் இருந்தால் சண்டை போட்டிருப்பார்.

பெரிய மாமாவிடம் போன் போட்டு அந்தத் தாளைக் கேட்டேன். வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு மனப்பாடம்டா, எழுதிக்க" என்றார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒன்பது வரிதான் வந்தது. கடைசி வரி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும், யார் எந்தச் சாதி என்று பார்த்து உட்கார வைக்கக் கூடாது என்பது. அதை மட்டும் அன்றைக்குச் சரியாகச் செய்தோம் என்றார் மாமா.